ஏழாவது நடை

சாயப் பட்டறையில் மூக்கு சுத்தமாக இருக்கிற ஆள் என்று ஒருவரும் கிடையாது. கொதிக்கிற அண்டாவுக்கு மேல் குனிந்து பத்து வருஷம் ஆவி பிடித்தவனுக்கு மூக்கு ஒழுகும், இல்லையென்றால் அடைக்கும். இரண்டும் இல்லாதவன் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அதனால் தை மாதம் துரைக்கண்ணுவுக்கு இடது மூக்கு அடைத்தபோது அவன் பெண்டாட்டி தேவகிகூட அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கே அப்போது ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு பேருக்கும் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஷரீஃப் பாயின் பட்டறையில் வேலை. கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் வேகவைத்துப் பசை எடுப்பது தேவகி. பசை போன நூல் சிட்டங்களைக் கழியில் மாட்டிச் சாய அண்டாவில் முக்கித் திருப்பி நிறம் ஏற்றுவது துரைக்கண்ணு. கூரம் கிராமத்தில் ஏர் பிடித்த குடும்பம் அவனுடையது. நிலம் அண்ணன்களோடு போனபின் அண்டாவுக்கு வந்தவன், இருபத்திரண்டு வருஷமாக அதை விட்டு நகரவில்லை. அவன் கண்ணுக்கு ஊரில் பேர் உண்டு. அவன் நாக்குக்கும் உண்டு. சாயத் தண்ணீரில் ஆசிட் போதுமா என்று பார்க்க மற்றப் பட்டறைகளில் நிறம் மாறும் காகிதம் வந்துவிட்டது. துரைக்கண்ணு மட்டும் இன்னும் சுண்டுவிரலை முக்கி நாக்கில் வைப்பான். புளிப்பு சரியாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டுத் துப்புவான். காகிதத்தை அவனிடம் காட்டினால், "இது பொய் சொல்லும்பா, நாக்கு சொல்லாது" என்பான்.

மூக்கு அடைத்தது திறக்கவில்லை. சைனஸ் என்று ஒரு கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள். கன்னம் வீங்கியது. சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. இடுப்பு வேட்டி நழுவுகிற அளவுக்கு இளைத்தான். கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டதும் இன்னொருவர் டிபியாகத்தான் இருக்கும் என்று மாத்திரை எழுதினார். அதைச் சாப்பிட்டதில் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போனது. "ஆசிட்டே ஊத்தாம இன்னாமா ஏறியிருக்குது பாரு" என்று துரைக்கண்ணு கொல்லையில் இருந்தபடியே கத்தினான். அதுதான் அவன் கடைசியாகச் சிரித்தது.

பங்குனியில் மூக்குக்குள் கறுப்பாகப் பொருக்குத் தட்டியது. கொரோனா காலத்துக் கறுப்புப் பூஞ்சையை நினைத்து ஊர் பயந்தது. தனியார் கிளினிக்கில் துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். பூஞ்சையும் இல்லை, ஒன்றும் இல்லை என்று தாள் வந்தது. பிறகு மேலண்ணத்தில் புண். அதற்கு மட்டும் யாரும் டாக்டரைக் கேட்கவே இல்லை. எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது.

"ஆசிட்ட நக்கிக்கினே இருந்தா வாயி புண்ணாவாம பூவா பூக்கும்?" என்றாள் தேவகி.

துரைக்கண்ணுவும் ஒத்துக்கொண்டான். கேட்ட டாக்டர்களும் ஒத்துக்கொண்டார்கள். காரணம் கிடைத்துவிட்டால் மனசு உட்கார்ந்துவிடும். அப்புறம் எழுந்து தேடாது.

வைகாசி பிறந்து நாலு நாள் இருக்கும். காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவனின் மூக்கு வழியாகக் கஞ்சி இறங்கிச் சட்டையில் சொட்டியது.

"வாயத் தொற," என்றாள் தேவகி.

"ஒன்னுமில்ல. பொரையேறிடுச்சி."

"தொறய்யா."

செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தாள். மேலண்ணத்தின் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஓட்டை. ஓரம் கறுத்து, உள்ளே இருட்டாக இருந்தது. பசை எடுத்த தண்ணீர் மூன்று நாள் தேங்கினால் ஒரு நாற்றம் வரும், அதே நாற்றம். அன்றைக்கு அவள் பட்டறை அடுப்பை மூட்டவில்லை. அவனை ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருந்தவர் டாக்டர் சுகாசினி. முப்பத்தைந்து வயதிருக்கும். துரைக்கண்ணு விரலை நாக்கில் வைத்துக் காட்டி ஆசிட் கதையைச் சொன்னபோது மற்றவர்களைப் போல அவர் தலையாட்டவில்லை.

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினான். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாக்கு நல்லா இருக்கே. ஆசிட்னா அது முதல்ல நாக்கைத்தானே தின்னிருக்கணும்?"

தேவகி எட்டி அந்த நாக்கைப் பார்த்தாள். மாதக்கணக்கில் எத்தனை பேர் பார்த்தார்கள், தான் எத்தனை முறை பார்த்தாள். இந்தக் கேள்வி ஒருத்தர் வாயிலும் வரவில்லை.

"இது கீழேயிருந்து மேல போன ஓட்டை இல்ல. மூக்குலயிருந்து கீழ இறங்கியிருக்கு," என்றார் டாக்டர். "ஒளிச்சுப் பேசறதில்லம்மா நான். இந்த மாதிரி வேஷத்துல மூணு நாலு வியாதி வரும். அதுல ஒண்ணு புற்றுநோய். நெணநீர்ல வர்ற வகை. மூக்குல உக்காந்துக்கிட்டு சைனஸ் மாதிரி, டிபி மாதிரி, பூஞ்சை மாதிரி நடிக்கும். அபூர்வமானது. ஆனா வேகம் ஜாஸ்தி. அதுவா இல்லையான்னு சதைதான் சொல்லணும். நாம சொல்ல முடியாது."

"அதான் ஒருக்கா எடுத்தாச்சே."

"மறுபடி எடுக்கறேன். நாலு நாள் கழிச்சு வாங்க."

எடுத்தார். எட்டாம் நாள் தாள் வந்தது. தேவகியின் தம்பி பாலாஜி சின்ன காஞ்சிபுரத்தில் மெடிக்கல் வைத்திருக்கிறவன், இங்கிலீஷ் படிப்பான். தாளை வாங்கிப் பார்த்தவன் அங்கேயே அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"கேன்சர் கண்டுபிடிக்கலன்னு போட்டிருக்குதுக்கா. பொழச்சோம்." சாயங்காலம் கால் கிலோ பால்கோவா வாங்கி வந்தான். துரைக்கண்ணு இரண்டு வாய் தின்றான். தின்றதில் பாதி மூக்குக்குப் போனது.

மறுநாள் தாளை வாங்கிப் பார்த்த டாக்டர் சுகாசினியின் முகத்தில் பால்கோவா இல்லை.

"இத எப்டி மேடம் பாப்பாங்க?" என்று தேவகி கேட்டாள். "சதைய வச்சிக்கினு?"

"மெல்லிசா சீவி, சாயத்துல முக்கி, கண்ணாடியில வச்சுப் பார்ப்பாங்க."

"சாயமா?"

"ஆமா. உயிரோட இருக்கற அணு சாயம் புடிக்கும். செத்த சதையில சரியாப் புடிக்காது, எல்லாம் கலங்கித் தெரியும். இவருக்கு வந்ததுல முக்காவாசி செத்த சதை. இந்தத் தாள்ல நோய் இல்லைன்னு எழுதலம்மா. தெரியலைன்னு எழுதியிருக்கு."

தேவகிக்கு இது புரிய டாக்டர் பட்டம் தேவைப்படவில்லை. பசை போகாத நூலை அண்டாவில் விட்டால் வெளுப்பாகவே வெளியே வரும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அண்டாவில் சாயமே இல்லை என்று சொல்கிறவன் மடையன்.

"இன்னொரு சந்தேகம்," டாக்டர் துரைக்கண்ணுவைப் பார்த்தார். "முதல் நாள் வந்தப்போ கன்னம் இவ்வளவு வீங்கியிருந்தது. சதை எடுக்க வந்த அன்னைக்குப் பாதி வத்திப்போச்சு. காய்ச்சலும் இல்ல. நான் வீக்கத்துக்கு மருந்தே குடுக்கல. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்ல மேடம்."

"நாட்டு மருந்து? ஊசி?"

"இல்ல மேடம்."

துரைக்கண்ணு பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை. பாவு நூல் நேரத்துக்கு முறுக்கி வரவில்லை என்று பாய் சொன்னால் முறுக்குக்காரனுக்காக நாலு பொய் சொல்வான். ஆனால் அப்போதெல்லாம் எதிராளி முகத்தைப் பார்த்துச் சொல்வான். இப்போது சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னான்.

வீடு திரும்பும் ஷேர் ஆட்டோவில் தேவகி யோசித்துக்கொண்டே வந்தாள். ஆவணி முகூர்த்தத்துக்காக ஒரு துணிக்கடை அறுபத்து நாலு புடவை கேட்டிருந்தது. எல்லாம் ஒரே அரக்கு. ஒரு அண்டாவுக்கு எட்டுப் புடவை நூல்தான் கொள்ளும். அப்படி ஒரு தடவை ஏற்றி இறக்குவதற்குப் பட்டறையில் ஒரு நடை என்று பேர். எட்டு நடை. நூல் முறுக்கி வரவரப் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒன்றாக மாசிக் கடைசியிலிருந்து ஆறு நடை இறக்கியிருந்தான். முதல் நடை அரக்கும் ஆறாவது நடை அரக்கும் பக்கத்தில் வைத்தால் ஈ உட்காரும் இடத்தில்கூட வித்தியாசம் தெரியாது. அதற்குத்தான் துரைக்கண்ணு.

நடை இருக்கிற நாளெல்லாம் அவன் நன்றாக இருந்தான். அதுதான் அவள் மனசில் வந்து நின்றது. அந்த மூன்று நாள் காய்ச்சல் கிடையாது. கன்னம் வற்றும். இரண்டு தட்டு சோறு தின்பான். நடை முடிந்த மூன்றாம் நாள் பாயில் விழுவான். 'வேலைன்னா எப்டியோ தெம்பு வந்துடுது மனுசனுக்கு' என்று அவளே பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை ஏழாவது நடை. அவன் வருவதற்கு முன் அவள் பட்டறைக்குப் போனாள். சாய டப்பாக்கள் இருக்கும் அலமாரியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். யாரும் கேட்காத ஒரு ஊதா நிறம் உண்டு, மூன்று வருஷமாகத் திறக்காத டப்பா. மூடி மட்டும் தூசி இல்லாமல் இருந்தது. உள்ளே பொட்டலம் கட்டி, சின்னச் சின்ன வெள்ளை மாத்திரை, மூன்று அட்டை.

பசை எடுத்து வைத்திருந்த சிட்டங்களை ஈரம் போகாமல் மூடிவிட்டு மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினாள்.

வரதராஜப் பெருமாள் கோயில் வைகாசி உற்சவத்துக்காகச் சின்ன காஞ்சிபுரம் முழுக்கப் பந்தல். வண்டியை ரங்கசாமி குளத்திலேயே நிறுத்திவிட்டார்கள். வெயிலில் நடந்து போய், கடை மேஜைமேல் அட்டைகளை வைத்தாள்.

"இது உன் கடையோடதா?"

பாலாஜி மருந்துச்சீட்டு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் முகம் மாறியது. "எங்க இருந்திச்சி?"

"ஊதா டப்பாவுல. கடையோடதா இல்லியா?"

"மாமா கேட்டாருக்கா." கடையில் நின்ற கிழவருக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினான். "ஒரு நடை முடியற வரைக்கும் நிக்கணும் மாப்ள, அதுக்கு ஏதாவது குடுன்னாரு. காலைல நாலு மாத்திர, மூணு நாளு. ஸ்டீராய்டு. வீக்கம் வத்தும், காய்ச்சல் போவும், பசியெடுக்கும். எல்லாரும்தான் வாங்கறாங்க. மூட்டு வலிக்கு வாங்கறாங்க, வீசிங்குக்கு வாங்கறாங்க."

"எத்தினி தபா?"

"ஆறு."

"டாக்டரம்மா கேட்டப்ப சொன்னியா?"

"என்னைய எங்க கேட்டாங்கக்கா?"

"பால்கோவா மட்டும் கேக்காமயே வாங்கியாந்த."

தேவகி டாக்டரின் எண்ணைப் போட்டு, போனை அவன் காதில் வைத்தாள். "இப்ப கேக்கறாங்க. சொல்லு."

மாத்திரையின் பேர், எத்தனை மில்லிகிராம், எந்தெந்தத் தேதி என்று அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். பிறகு போனைத் தேவகியிடம் கொடுக்கச் சொன்னார் டாக்டர்.

"கேளுங்கம்மா. நான் சந்தேகப்படற நோய் இருந்தா, இந்த மாத்திரை அதைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும். கொல்லாது. தலையைக் குனிய வைக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்துல சதை எடுத்தா அது மாட்டாது. ரெண்டு தடவையும் அதான் நடந்திருக்கு."

"இப்ப இன்னா செய்யணும்?"

"இன்னைக்கே அட்மிட் பண்ணுங்க. மாசக்கணக்கா இப்படி விட்டு விட்டுச் சாப்பிட்ட உடம்பு, ஒரேயடியா நிறுத்தினா வேற ஆபத்து வரும். நாங்க பக்கத்துல இருந்து குறைச்சு நிறுத்தணும். அப்புறம் ஒரு வாரம், பத்து நாள் காத்திருந்து எடுக்கணும். நடுவுல அவரா நாலு மாத்திரை போட்டா மறுபடி முதல்லயிருந்து. அவருக்கு அவ்வளவு நாள் இல்லம்மா."

தேவகி பட்டறைக்குத் திரும்பியபோது மணி பதினொன்று. அவள் மூடி வைத்துவிட்டுப் போன சிட்டங்கள் அண்டாவில் இறங்கியிருந்தன. துரைக்கண்ணு கழியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தான். கன்னம் பன் மாதிரிப் புடைத்து இடது கண்ணைப் பாதி மூடியிருந்தது. உடம்பு நடுங்கியது.

"டப்பால இருந்தத எடுத்தியா?" திரும்பாமலே கேட்டான். காற்று மூக்கு வழியாகக் கசிந்து, பேச்சு பாதி ஊதலாக வந்தது.

"எடுத்தேன்."

"குடு."

"பாலாஜி எல்லாத்தையும் சொல்ட்டான். டாக்டரம்மாவும் சொல்ட்டாங்க. அது வியாதிய மூடி வைக்குதாம்யா. ரெண்டு தபா சதை எடுத்ததும் வீணு. கெளம்பு, அட்மிட் பண்ணணும்."

"இத்த எறக்கிட்டு வரேன். எட்டாவது முடிஞ்சா நானே வந்து படுத்துக்கறேன்."

"எட்டாவது எப்போ?"

"நூலு முறுக்கிக்கினு வரணும். பத்து நாளு."

"அதுக்கப்புறம் பத்து நாளு மாத்திர நிறுத்தணும். மூணு வாரம் ஆச்சு. ஓட்ட எவ்ளோ ஆயிருக்கும்? கோலிகுண்டு போவுமா, எலுமிச்சங்கா போவுமா?"

"நாப்பத்தெட்டு பொடவ ஒன்னு மாதிரி எறக்கியிருக்கேன், தேவகி. வேற எவன் கை வச்சாலும் நெறம் ஒதுங்கும். நாலு மாத்திர குடு. நிக்க முடியல."

அவன் நிற்பதற்காகக் கழியை ஊன்றிக் குனிந்தான். மூக்கிலிருந்து ரத்தம் அண்டாவில் சொட்டியது. ஒன்று, இரண்டு, அப்புறம் தொடர்ந்து. அரக்கில் ரத்தம் தெரியவே இல்லை. அவனும் அதைப் பார்க்கவில்லை. சாயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆசிட்டை எப்போதும் தண்ணீரில் கலந்து, நூலை மேலே தூக்கிக்கொண்டு, குவளை குவளையாக மூன்று தவணையில் ஓரமாக ஊற்ற வேண்டும். நூல் உள்ளே இருக்கும்போது ஒரேயடியாக ஊற்றினால் சாயம் வெறிபிடித்தாற்போலப் பட்ட இடத்தைக் கவ்விக்கொள்ளும். அங்கே கட்டிக் கறுப்பு, பக்கத்தில் வெளுப்பு. பட்டறைக்கு வந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தத் தப்பை யாரும் செய்து தேவகி பார்த்ததில்லை.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆசிட் கேனைத் தூக்கினாள். கலக்காமல், அண்டாவுக்கு நடுவில், நூல்மேல் நேராகக் கவிழ்த்தாள்.

"ஏய்..."

புளித்த ஆவி குப்பென்று கிளம்பியது. துரைக்கண்ணு கழியை வெடுக்கென்று தூக்கினான். தூக்கிய சிட்டங்களில் திட்டுத் திட்டாக அரக்கு உறைந்திருந்தது, ஆட்டுத்தோலில் கறை விழுந்த மாதிரி. எட்டுப் புடவைப் பட்டு. கழியை அவள்மேல் ஓங்கினான். ஓங்கிய கை மேலேயே நின்றது. அவள் நகரவில்லை.

"அடி," என்றாள். "அடிச்சிட்டு வா. இனிமே எறக்கறதுக்கு ஒன்னுமில்ல."

சத்தம் கேட்டு ஷரீஃப் பாய் முன்கட்டிலிருந்து வந்தார். கழியில் தொங்கியதைப் பார்த்தார். காலியான கேனைப் பார்த்தார்.

"யா அல்லா. இன்னா தேவகிம்மா, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"வாயத் தொறந்து பாய்க்குக் காட்டு," என்றாள் தேவகி புருஷனிடம். அவன் திறக்கவில்லை. "காட்டுய்யா. இத்தினி நாளு அவர் வேலைக்குத்தான மறச்ச?"

துரைக்கண்ணு திறந்தான். பாய் போனில் வெளிச்சம் போட்டு எட்டிப் பார்த்தார். வெளிச்சத்தை அணைத்தார்.

"மாத்திர போட்டுக்கினு நிக்கறான்னு எனக்குத் தெரியாது," என்றார். மாத்திரை என்று யாரும் அவரிடம் சொல்லாததால், அவர் சொன்னதைத் தேவகி நம்பவில்லை. அதைப் பற்றிப் பேச அப்போது நேரமும் இல்லை.

பாய் சிட்டத்தைக் கையில் எடுத்துப் பிழிந்து பார்த்தார். "கறுப்புல முக்கிக்கலாம்," என்றார் கடைசியில். "எந்த நெறம் கெட்டாலும் கறுப்பு இருக்குது. கடைக்காரங்கிட்ட நான் பேசிக்கறேன். பதினாறு பொடவ வேற அரக்குல வந்தா பொண்ணுங்க கட்ட மாட்டேன்னா சொல்லப்போறாளுங்க? ஆட்டோ கூப்புடுறேன். போடா, போ."

துரைக்கண்ணு போகும்போது அண்டாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

ஆஸ்பத்திரியில் மாத்திரையைக் குறைக்கக் குறைக்க வியாதி தன் முகத்தைக் காட்டியது. நாலாம் நாள் இடது கண் முழுசாக மூடிக்கொண்டது. மாத்திரையை அடியோடு நிறுத்திய பிறகு காய்ச்சல் இரவு பகல் இல்லாமல் நூற்று மூன்றில் நின்றது. மூக்கில் துணி திணித்து ரத்தத்தைக் கட்டினார்கள். சாப்பாடு குழாய் வழியாகப் போனது. பாலாஜி காலையும் மாலையும் வந்தான். கஞ்சியை வடிகட்டிக் கொடுத்தான், மாமன் முகத்தைப் பார்க்காமல்.

தேவகி கட்டிலுக்குக் கீழே தாளில் தேதி போட்டுக்கொண்டு வந்தாள். மாத்திரை இருந்தால் இந்த மனுஷன் இப்போது எழுந்து உட்கார்ந்திருப்பான், இரண்டு தட்டு சோறு தின்றிருப்பான். நிறுத்தியது அவள். சந்தேகப்பட்ட நோய் இல்லாமல் போனால்? மூன்றாம் தடவையும் தெரியவில்லை என்று தாள் வந்தால்?

"ஒன்னே ஒன்னு குடுக்கச் சொல்லு," என்றான் ஆறாம் நாள். "பாலாஜிகிட்ட இருக்கும்."

"இல்ல."

"உன் மனசு கல்லு."

"ஆமா. படு."

அன்று முழுக்க அவள் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

ஒன்பதாம் நாள் காலையில் திணித்த துணியையும் மீறி ரத்தம் கொட்டியது. டாக்டர் சுகாசினி பார்த்துவிட்டு, இனிமேல் காத்திருக்க முடியாது, நாளைக்குத் தியேட்டரில் மயக்கம் கொடுத்து எடுத்துவிடலாம் என்றார். கையெழுத்துப் போடும்போது தேவகி கேட்டாள்.

"எந்த எடத்துல எடுப்பீங்க?"

"நடுவுல எடுக்க மாட்டேன். அது செத்தது. கறுப்பும் சிவப்பும் சேர்ற ஓரத்துல, ஆழமா, ஆறேழு இடத்துல எடுப்பேன்."

"சிட்டத்துல கட்டு போட்டிருப்போம் மேடம். ஏறுச்சா ஏறலியான்னு பாக்க அந்தக் கட்ட அவுத்து ஓரத்தத்தான் பாக்கணும். நடுவுல பாத்தா ஒன்னும் தெரியாது."

டாக்டருக்குச் சிட்டமும் தெரியாது, கட்டும் தெரியாது. ஆனாலும் பேனாவை மூடாமல் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். "அதேதான்," என்றார்.

சதையைச் சென்னைக்கு அனுப்பினார்கள். சாதாரணச் சாயம் இங்கேயே போடலாம், இந்த நோய்க்கென்று இருக்கிற சாயம் அங்கேதான் போடுவார்கள் என்றார் டாக்டர். டிபிக்கும் பூஞ்சைக்கும் தனியாக ஒரு துண்டு போனது. தேவகியின் தாளில் ஐந்து தேதி ஏறியது. ஐந்து நாளும் வார்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் எழுந்து நின்றாள்.

ஆறாம் நாள் பத்து மணிக்கு டாக்டர் தாளோடு வந்தார். நாற்காலி கேட்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பாலாஜி சுவரோடு ஒட்டி நின்றான்.

"கெடைச்சிருச்சு," என்றார். "டிபி இல்ல. பூஞ்சை இல்ல. நான் சந்தேகப்பட்டதுதான். என்.கே. டி-செல் லிம்போமா. மூக்குல வர்ற வகை."

பேர் தெரிந்துவிட்டது. தேவகி அழுவாள் என்று பாலாஜி அவளைப் பிடிக்க வந்தான். அவள் அவன் கையை விலக்கினாள்.

"மருந்து இருக்குதா?" என்றாள்.

"இருக்கு. ஊசி மருந்து, கூடவே கரண்டு வைக்கறது, கதிர் சிகிச்சை. சென்னையில பெட்டுக்குச் சொல்லிட்டேன். ஸ்கேன் எடுத்து எதுவரைக்கும் போயிருக்குன்னு பார்ப்பாங்க. மூக்கோட, கழுத்தோட நின்னிருந்தா பாதிப் பேருக்கு மேல குணமாகுது. அதைத் தாண்டியிருந்தா கஷ்டம். எப்படின்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது."

துரைக்கண்ணு கையை அசைத்தான். "ஆசிட்டா?"

"இல்ல."

"சாயம்?"

"அதுவும் இல்ல. ஒரு வைரஸ் இதோட சேர்ந்து இருக்கும். அது நம்ம எல்லாருக்கும் உடம்புல இருக்கறதுதான். உங்களுக்கு மட்டும் ஏன்னு யாருக்கும் தெரியாது. நீங்க செஞ்ச தப்பு மாத்திரையை மறைச்சதுதான்."

பாலாஜி வெளியே போனான். வராந்தாவில் அவன் மூக்கைச் சிந்துவது கேட்டது.

"சதைக்குப் போட்ட சாயம்," என்றான் துரைக்கண்ணு. "எப்டி இருந்திச்சி?"

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. தேவகி சொன்னாள். "பாக்கணுமாம்."

லேபிலிருந்து வந்த படத்தை டாக்டர் போனில் எடுத்துக் கொடுத்தார். வெளிர் நீலத்தின்மேல் பழுப்பு வட்டங்கள், ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு. துரைக்கண்ணு ட்யூப்லைட் வெளிச்சத்தில் அதைப் பார்க்கவில்லை. எந்த நிறத்தையும் அவன் அப்படிப் பார்த்ததில்லை. முழங்கையை ஊன்றி ஜன்னல் பக்கம் புரண்டு, வெயில் படாத பகல் வெளிச்சத்தில் போனைப் பிடித்து, திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் பார்த்தான். அவனைத் தின்றுகொண்டிருந்தது அங்கே இருந்தது. தூரத்தில் பிடித்தான், கிட்டத்தில் பிடித்தான்.

"நல்லா போட்டிருக்கான்," என்றான். "ஓரம் கலங்கல. எல்லாம் ஒரே அளவா ஏறியிருக்குது." மூச்சு வாங்கியது. தேவகியைப் பார்க்காமல் சொன்னான். "ஒன்ன மாதிரி எவளும் குறுக்க ஆசிட்ட ஊத்தல."

தேவகி அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, முந்தானையில் துடைத்து, டாக்டரிடம் கொடுத்தாள்.

"சென்னைக்கு வண்டி எத்தினி மணிக்கு மேடம்?" என்றாள்.